கூடுதல் இருபத்தொன்று

“இவ்வளவு வெளிச்சம் அடிச்சா செல்லுக்கு வலிக்காதா?”

“வலிக்குமுங்க. அதிகமா அடிச்சா செத்தே போயிரும். அதனாலதான் இந்தப் புது மைக்ரோஸ்கோப் மெஷின்ல வெளிச்சத்தைக் கம்மி பண்ணிட்டு, பொறுமையைக் கூட்டியிருக்காங்க.”

“பொறுமையை வெச்சு எப்படிங்க படம் எடுக்கறது?”

“கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேரும் ஒரே நேரத்துல பேசினா, யாரு எங்க உக்காந்திருக்காங்கன்னு கண்டுபிடிக்க முடியுங்களா? வெறும் சத்தம்தான் கேக்கும். ஒவ்வொருத்தரா ‘நான் இங்க இருக்கேன்’னு குரல் குடுத்தா? அப்படித்தானுங்க இதும். செல்லுக்குள்ள ஒவ்வொரு புள்ளியா மினுக்கும். ஒண்ணு அணைஞ்சதும் இன்னொண்ணு. எல்லாத்தையும் குறிச்சு வெச்சுக்கிட்டு, கடைசியில சேர்த்துப் பார்த்தா, தலைமுடியை மூவாயிரமாப் பொளந்த அளவுக்குத் துல்லியமாத் தெரியும்.”

“சரிங்க. நானும் ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கூடுதல் இருபத்தொண்ணு. நான் சொல்லலைன்னாலும் இங்க யாராவது உங்க காதுல போட்டிருவாங்க. அதைப் பத்தி எங்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“பேச மாட்டேனுங்க.”

“சத்தியமா?”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சத்தியம் செய்ய ஒரு சாமி படம்கூட அந்த அறையில் இல்லை. கையிலிருந்த டீ கிளாஸின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தான்.

“டீ மேல சத்தியம். எனக்கு இதைவிடப் பெரிய சாமி இல்லீங்க.”

இது நடந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. தாரணி இந்தச் செல் படம் எடுக்கும் மையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். புது மெஷினைப் பொருத்த வந்திருந்த பூபாலனுக்கும் அதுதான் முதல் நாள். பொருத்தி முடித்த பிறகு, அதைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று மையம் அவனை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டது. ஆறு வருடத்தில் அவன் எத்தனை டீ குடித்திருப்பான் என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் அந்தச் சத்தியத்தை மட்டும் ஒரு நாளும் மீறவில்லை.

அவன் மீறித் தொலைத்திருக்கலாம் என்று தாரணி சில நாட்களில் நினைத்ததுண்டு.

கோயமுத்தூரில் இப்போதெல்லாம் ஜாதகம் கொடுக்கும்போது கூடவே செல் படத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து அனுப்பினால் போதும். மைக்ரோஸ்கோப் அந்தச் செல்லின் உள்ளே புகுந்து, எது எது உடைந்திருக்கிறது, எவ்வளவு குப்பை சேர்ந்திருக்கிறது என்று எண்ணிச் செல்லின் உண்மையான வயதைச் சொல்லிவிடும். செல்லின் வயது பிறந்த தேதிக்கு மேலே போனால், எத்தனை வருடம் மேலே போகிறதோ அது ‘கூடுதல்’. கீழே இருந்தால் ‘குறைவு’. “மாப்பிள்ளைக்குக் குறைவு ஆறு” என்று தரகர் சொன்னால் அந்த வீட்டுக்கு வாசல் நிறைய கார் வரும். “பொண்ணுக்குக் கூடுதல் நாலு” என்றால், “பரவாயில்லை, கண்ணு மூக்கு லட்சணமா இருக்குதே” என்று யாராவது சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

இருபத்தொன்றுக்குச் சமாதானமே கிடையாது.

தாரணிக்கு அப்போது இருபத்தாறு வயது. கோபிச்செட்டிபாளையத்தில் நிச்சயமாகியிருந்தது. புடவைகூட எடுத்தாயிற்று. படம் வந்த மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வந்து, காபியை மறுக்காமல் வாங்கிக் குடித்துவிட்டு, “பொண்ணு தங்கம்தானுங்க. ஆனா செல்லுக்கு நாப்பத்தேழுன்னு போட்டிருக்குது. என்ற பையனுக்கு அவன் அத்தையைக் கட்டி வெச்ச மாதிரி ஆயிருமே” என்று சொல்லித் தாம்பூலத் தட்டைத் திருப்பி வைத்தார். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனார்.

படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. சின்ன எண் வரும்வரை மாற்றி மாற்றி எடுப்பார்கள் என்று, ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் என விதி போட்டிருந்தார்கள். ஒருமுறை கையெழுத்தாகிப் பதிவேட்டில் ஏறினால் ஏறியதுதான்.

தாரணி அழுது முடித்த பிறகு ஒரு காரியம் செய்தாள். தன்னைத் தள்ளிவிட்ட மெஷின் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க, அவினாசி சாலையில் இருந்த அந்த மையத்திலேயே வேலைக்கு விண்ணப்பித்தாள். உயிர்த்தொழில்நுட்பம் படித்தவள், உடனே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவள் சேர்வதற்குள் அந்தப் பழைய மெஷின் தார்ப்பாய் போர்த்திப் பின்கட்டு அறைக்குப் போயிருந்தது. வரி வரியாக ஒளியைப் பாய்ச்சிச் செல்லைச் சீப்பால் வாருவது போல வாரி எடுத்ததால் அதற்குப் பெயர் ‘சீப்பு’. மினுக்கி மினுக்கிப் பார்க்கும் புதியதற்குப் பெயர் ‘மின்மினி’.

மின்மினிக்கு ஒரே ஒரு எதிரி. கீழ்த்தளத்து கேன்டீனில் பூங்கோதை அக்கா போடும் கிரைண்டர்.

சரியாகப் பதினொரு மணிக்கு அக்கா மறுநாள் இட்லிக்கு மாவரைக்க ஆரம்பிப்பார். கல் சுற்றும் அதிர்வு தூண் வழியாக ஏறி மேலே வரும். மனிதர்களுக்குத் தெரியாத அதிர்வு, மின்மினிக்குப் பூகம்பம். திரையில் செல்கள் எல்லாம் நெளியும். வந்த முதல் மாதமே பூபாலன் இதைக் கண்டுபிடித்துக் கீழே போய்க் கேட்டுப் பார்த்தான்.

“நேரத்தை மாத்தறதா? மாவு பொங்கறதுக்குக் கணக்கு இருக்குது தம்பி. உன்ற மெஷினுக்கு வேணும்னா ஒரு டீ வாங்கிக் குடு, நாப்பது நிமிஷம் உக்காந்திருக்கட்டும்” என்று அக்கா சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பதினொன்று முதல் பதினொன்று நாற்பது வரை, பல கோடி ரூபாய் மின்மினிக்கு ஓய்வு.

அக்காவும் கூடுதல்காரர்தான். நூல் மில் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். மில்லில் எல்லாரையும் இந்த மையத்துக்கு அனுப்பிச் செல் படம் எடுத்தபோது அவருக்குக் கூடுதல் இருபத்தைந்து வந்தது. “எழுபது வயசுக்காரியை நைட் ஷிப்ட்டுல நிறுத்த முடியாதும்மா” என்று நாற்பத்தைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா அழவில்லை. மையத்தில் கேன்டீன் ஏலத்துக்கு வந்தபோது அதை எடுத்தார். தன் செல் படத்தை லேமினேட் செய்து, முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். “எல்லாரும் சின்ன வயசுப் படத்தை மாட்டுவாங்க. நான் கிழவியானப்புறம் எப்படி இருப்பேன்னு முன்கூட்டியே மாட்டி வெச்சிருக்கேன்” என்பார். டீ குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். தாரணியும் சிரித்திருக்கிறாள். ஆனால் அந்தப் படத்தைக் கண்ணால் நேராகப் பார்க்காமல் சிரிக்கப் பழகியிருந்தாள்.

அவளுடைய படம் ஒரு சிறிய மெமரி கார்டில் இருந்தது. ஏழு வருடமாக ஹேண்ட்பேகின் உள் ஜிப்பில் கிடக்கிறது. திறந்து பார்த்ததும் இல்லை, தூக்கிப் போட்டதும் இல்லை. பூபாலன் அதைப் பார்த்திருக்கிறான், என்னவென்று கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதரைக்குத் தாரணியின் போன் அடித்தது. பூபாலனின் அம்மா சாந்தாமணி.

“அம்மணி, சாப்பிட்டயா?”

“ஆச்சுங்கம்மா. நீங்க?”

“எனக்கு எங்க சோறு எறங்குது. இன்னைக்கு நாலு மணிக்குப் பொள்ளாச்சிக்காரங்க உறுதி வார்த்தைக்கு வர்றாங்க. பொண்ணு டீச்சர். ஜாதகமெல்லாம் தேனாப் பொருந்தியிருக்குது. செல் படம் மட்டும் கையில குடுத்தாப் போதும்னுட்டாங்க. இவன் ஒரு மாசமா இழுத்து இழுத்து நேத்துத்தான் குச்சி குடுத்தான். உங்க மெஷினுக்குத்தான் வருது. சீட்டு நம்பர் எண்பத்தெட்டுப் பதினாலு.”

“அம்மா, நம்பரெல்லாம் எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்க.”

“நீ என்ன வேத்து ஆளா? கொஞ்சம் நல்லாப் பாரு கண்ணு, அவ்வளவுதான்.” சற்று நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, “உன்ற நம்பர் மட்டும் நல்லா இருந்திருந்தா நான் பொள்ளாச்சிக்கு எதுக்குப் போறேன்...” என்றார்.

அன்போடு சொன்னதுதான். அன்போடு சொல்வது இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும்.

தாரணி போனை வைத்தாள். அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. ‘என்னைக் கட்டிக்கிறீங்களா?’ அவ்வளவுதான். நாலு வருடமாக ஸ்கூட்டரில் வரும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். சிக்னலில் நிற்கும்போது சத்தம் கூடிவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஆனால் கேட்டு என்ன ஆகப் போகிறது? மற்றவர்களைவிட இருபத்தொரு வருடம் முன்னதாகவே போகப் போகிறவள் அவள். ஒரு மனிதனைப் பஸ்ஸில் ஏற்றிப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போவதற்கு எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்?

எண்பத்தெட்டுப் பதினாலாம் எண் கண்ணாடித் தகடு பத்து மணிக்கு அவள் மேஜைக்கு வந்தது. மின்மினியில் வைத்தாள். திரை இருண்டது. ஒரு புள்ளி மினுக்கியது. அப்புறம் இன்னொன்று. நாற்பது நிமிடத்தில் லட்சம் புள்ளிகள் சேர்ந்து ஒரு செல்லாகி எழுந்து வந்தன. கணினி எண்ணி முடித்து ஓரத்தில் எழுதியது.

கூடுதல் இருபது.

தாரணி மறுபடி எண்ணச் சொன்னாள். கூடுதல் இருபது. வேறு செல்லைக் காட்டி எண்ணச் சொன்னாள். கூடுதல் இருபது.

முப்பத்துநாலு வயதுப் பூபாலன். தினமும் இரண்டு மாடியைப் படி தாண்டித் தாண்டி ஏறுகிறவன். அவனுக்குள்ளே ஐம்பத்துநாலு.

அவள் மனதில் முதலில் வந்தது துக்கம் என்றுதான் சொல்ல ஆசை. இல்லை. பொள்ளாச்சி வராது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அது ஒரு நொடி மத்தாப்பு மாதிரி எரிந்தது. அடுத்த நொடியே அவள் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இரண்டு மணிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவனுக்கு டீச்சரும் இல்லை, வேறு யாரும் இல்லை. நாளைக்கு வேறு வேலைக்குப் போனால் அங்கேயும் இந்த எண் அவனுக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். போடாமல் எண்ணைத் திருத்தினால்? ஆறு வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அவள் திருத்தியதில்லை. எத்தனையோ அம்மாக்கள் போனில் அழுதும் திருத்தியதில்லை.

கீழே கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. மணி பதினொன்று.

இனி நாற்பது நிமிடத்துக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. எடுத்த படம் திரையில் அப்படியே இருந்தது. வழக்கமாக அவள் உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித்தான் பார்ப்பாள். இன்று பெரிதாக்கிப் பார்க்கத் தெம்பில்லை. படத்தைச் சிறிதாக்கினாள். ஒரு செல், பிறகு நாலு செல், பிறகு தகடு முழுக்க. தூரத்திலிருந்து ஊரைப் பார்ப்பது போல.

அப்போதுதான் கண்ணில் பட்டது.

உடைந்த துண்டுகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. வரிசையாக இருந்தன. இடமிருந்து வலமாகச் சற்றுச் சாய்ந்து, ஒரே இடைவெளியில், நோட்டுப் புத்தகத்துக் கோடு மாதிரி. கோட்டுக்குக் கோடு நடுவில் இருந்த இடமெல்லாம் முப்பத்துநாலு வயதுக்கே உரிய பளிச்சென்ற ஆரோக்கியம்.

முதுமை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டு வராது. இது வெளிச்சம் சுட்ட தழும்பு. வரி வரியாக வெளிச்சம் பாய்ச்சும் மெஷின் இந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான். அதன் சாவி ஒரே ஒரு ஆளிடம்தான்.

தாரணி ஹேண்ட்பேகைத் தோளில் மாட்டிக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

பூபாலன் கேன்டீன் மூலை மேஜையில் டீயோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தான்.

“ஏனுங்க, பொள்ளாச்சிப் பொண்ணு பிடிக்கலைன்னா வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே!” கிரைண்டர் சத்தத்துக்கு மேலே அவள் கத்த வேண்டியிருந்தது. “அதுக்காகச் சொந்தச் செல்லைக் கொண்டுபோய்ச் சீப்புல வெச்சுச் சுடுவீங்களா? நான் மட்டும் பார்க்காமக் கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? ஆயுசுக்கும் கிழவன்னு முத்திரை! தெரியாதா உங்களுக்கு?”

பூபாலன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக, அவள் தோளுக்கு மேலே, சுவரைப் பார்த்தான்.

அவளும் திரும்பிப் பார்த்தாள். முருகன் காலண்டர். பக்கத்தில் பூங்கோதை அக்காவின் லேமினேட் படம். ஆறு வருடத்தில் முதல்முறையாக அதை நேராகப் பார்த்தாள். படத்தின் மேல் மெல்லிய சாய்வுக் கோடுகள். பிரிண்டர் பழசு, மை சரியில்லை, அதனால் விழுந்த கோடு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அதே சாய்வு. அதே இடைவெளி.

“பூபாலன்...” அவள் குரல் இறங்கியது. “இது என்ன?”

அவன் டீ கிளாஸைப் பார்த்தான். “நான் பேசக் கூடாதுங்க.”

“என்ன பேசக் கூடாது?”

“சத்தியம் பண்ணியிருக்கேன். டீ மேல. இந்தப் பேச்சு எங்க போய் முடியுமோ, அதைப் பேசக் கூடாதுன்னு.”

தாரணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதி குடித்திருந்த அவனுடைய டீ கிளாஸை எடுத்தாள். மீதியை ஒரே மூச்சில் குடித்தாள். காலி கிளாஸை அவன் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

“சத்தியம் ரத்து. சொல்லுங்க.”

“போன மாசம் சீப்பைப் பிரிச்சு எடைக்குப் போடச் சொன்னாருங்க டைரக்டர். பிரிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். வெளிச்சம் இருக்க வேண்டியதைவிட நாலு மடங்கு. முதல் நாள் வெச்சவங்க தப்பா வெச்சிருக்காங்க, அப்புறம் யாரும் தொடலை. ஆனா அது மட்டும் இருந்தாப் பெரிசாச் சேதம் இல்லீங்க. கண்ணிமைக்கற நேரம்தானே செல் மேல படும். ஆனா ஃபோகஸ் கிடைக்கற வரைக்கும் அந்தச் சீப்பு ஒரே இடத்துல நிக்கும். ஃபோகஸ் சீக்கிரம் கிடைச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. கிடைக்காம இழுத்தவங்களுக்கு...”

“எப்ப இழுக்கும்?”

பூபாலன் கண்ணால் காட்டினான். மூலையில் கிரைண்டர் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“முந்தின கேன்டீன்காரரும் இதே கிரைண்டர்ல பதினோரு மணிக்குத்தான் மாவாட்டுவாராம். பதினோரு மணிச் சீட்டு வாங்கினவங்க செல்லெல்லாம் சுட்டுப் போச்சுங்க. முதல்ல சுட்டுட்டு அப்புறம் எண்ணியிருக்குது மெஷின்.”

கடகட சத்தம் சட்டென்று நின்றது. கேன்டீன் முழுக்க அமைதி. ஆறு வருடத்தில் முதல்முறையாக, மாவு பாதி அரைந்திருக்கும்போதே, பூங்கோதை அக்கா கிரைண்டரை நிறுத்தியிருந்தார். கையெல்லாம் மாவு.

“அப்ப நான் கிழவி இல்லையா?”

இருவரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

“இந்தச் சனியனாலயா?” அக்கா கிரைண்டரைப் பார்த்தார். “இதுக்கா நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பொட்டு வெச்சுக் கும்பிட்டேன்?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தபோது அக்காவின் கண்ணில் நீர் நின்றது. “என்ற ஷிப்ட்டுல ஒரு நூல் அறாது தம்பி. அப்படி வெச்சிருந்தேன் அந்த மில்லை” என்று மட்டும் சொன்னார்.

“இதை டைரக்டர்கிட்டச் சொல்லலையா நீங்க?” என்றாள் தாரணி.

“அன்னைக்கே போனேனுங்க. அக்கா படத்தைச் சொன்னேன். ‘அது பிரிண்டர் கோடு, அசல் படம் எங்கே?’ன்னு கேட்டாரு. மையத்துல பழைய படமெல்லாம் அழிச்சாச்சு. பெரிய கூடுதல் வந்தவங்க யாரு அதைப் பத்திரமா வெச்சிருப்பாங்க? கிழிச்சுத்தானே போட்டிருப்பாங்க. வெச்சிருக்கற ஒரே ஆளு...” அவன் அவளுடைய ஹேண்ட்பேகைப் பார்த்தான். “அந்த ஆளுகிட்ட நான் பேசக் கூடாது. எங்க அம்மா குச்சி குடுன்னு நச்சரிச்சாங்க. அப்பத்தான் தோணுச்சு, இன்னும் பிரிக்காத சீப்புல என்ற செல்லையே வெச்சுச் சுட்டு அனுப்பலாம்னு. பேசக் கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. காட்டக் கூடாதுன்னு சொல்லலையே?”

“நான் கோட்டைக் கவனிக்காமக் கையெழுத்துப் போட்டிருந்தா?”

“ஆறு வருஷமா உங்க வேலையைப் பார்க்கறேன். கவனிக்காம விட மாட்டீங்க.” அவன் கொஞ்சம் தலையைச் சொறிந்துகொண்டான். “அப்படியே போட்டிருந்தாலும் மோசமில்லீங்க. கூடுதல் இருபத்தொண்ணுக்குக் கூடுதல் இருபது. பத்துப் பொருத்தத்துக்கு மேல பதினோராவது பொருத்தமா வெச்சுக்கலாம்னு பார்த்தேன்.”

தாரணி அவனைப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் நாலு வருடமாக இருந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுகொண்டது. முதலில் அவள் ஜிப்பைத் திறக்க வேண்டியிருந்தது.

மூவரும் மேலே போனார்கள். ஏழு வருடத் தூசியை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாரணி கார்டைக் கணினியில் செருகினாள். இரண்டாவது தடவைதான் உள்ளே போயிற்று. அவள் பயந்த படம் திரையில் விரிந்தது. அதைச் சிறிதாக்கினாள். இன்னும் சிறிதாக்கினாள்.

கோடுகள். சாய்ந்து, வரி வரியாக. கோடுகளுக்கு நடுவில், இருபத்தாறு வயதுப் பெண்ணின் செல் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. படத்தின் ஓரத்தில் எடுத்த நேரம் பதிந்திருந்தது. காலை 11.12.

டைரக்டர் அறையில் டாக்டர் லோகநாதன் நெடுநேரம் திரையைப் பார்த்தார். அவர் பொல்லாதவர் இல்லை, எதையும் எழுத்தில் கேட்கிறவர். இப்போது எழுத்தே எதிரில் இருந்தது. மேஜை மேல் ஒருபுறம் அக்காவின் லேமினேட் படம், ஆணியோடு.

“எத்தனை பேர் இருக்கும்?”

“சீப்பு ஓடின காலத்துல பதினோரு மணிச் சீட்டு மட்டும் ஆயிரத்து இருநூறு சொச்சம் சார்” என்றான் பூபாலன்.

“எல்லாருக்கும் கடிதம் எழுதுவோம். பதிவேட்டில் எண்ணை நீக்கச் சொல்லி இன்றைக்கே அனுப்புகிறேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பூபாலன், நீங்கள் வந்து சொன்னபோதே நான் எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும்.”

கடிதம் போகும். திரும்பிப் போன தாம்பூலத் தட்டுகளும், மூடிய மில் கேட்டுகளும், யாரையோ கட்டிக்கொண்டு இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் பழைய மாப்பிள்ளைகளும் அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவார்கள் என்று தாரணிக்குத் தெரியவில்லை. தன்னுடையது மட்டும் தெரிந்தது. கோபியிலிருந்து தட்டு திரும்பி வந்ததற்கு இன்று முதல்முறையாக அவள் வருத்தப்படவில்லை.

எண்பத்தெட்டுப் பதினாலாம் எண் விண்ணப்பத்தில் அவள் எழுதினாள்: ‘மாதிரி ஒளியால் சேதமடைந்தது. எண் தர இயலாது.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

அவள் அறைக்குத் திரும்பியதும் அக்கா மேஜையிலிருந்த பஞ்சுக் குச்சியை எடுத்து நீட்டினார். “பழைய எண்ணை அடிச்சாச்சுல்ல? புதுசா ஒண்ணு எடு புள்ள. உண்மையான நம்பர் என்னன்னு தெரிய வேண்டாமா?”

“நீங்க எடுக்கறீங்களாக்கா?”

“எனக்கு எதுக்கு? கிழவின்னு சொன்னப்பவும் தினம் பதினஞ்சு கிலோ அரிசி ஆட்டினேன், குமரின்னு சொன்னாலும் அதேதான் ஆட்டணும். நீ வாழ வேண்டியவ.”

தாரணி குச்சியை வாங்கினாள். உறையைப் பிரித்தாள். கன்னத்துக்குள் ஒரு சின்ன ஒற்றல். நாற்பது நிமிடம். பிறகு ஓர் எண். அது குறைவு ஆறாகவும் இருக்கலாம், கூடுதல் மூன்றாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அதற்குப் பிறகு தான் ஸ்கூட்டர் ஓட்டும்போது அந்த எண்ணும் பின்சீட்டில் உட்கார்ந்து வரும்.

குச்சியை அப்படியே குப்பைக் கூடையில் போட்டாள்.

போன் அடித்தது. சாந்தாமணி. பூபாலன் வாசலில் புது டீயோடு வந்து நின்றிருந்தான். போனில் அம்மாவின் பெயரைப் பார்த்ததும் அவன் முகத்தில் திருடனைப் போல ஒரு விழிப்பு.

“அம்மணி, மணி பன்னெண்டரை ஆச்சு. படம் என்னாச்சு?”

“அந்தச் சாம்பிள் சரியில்லைங்கம்மா. உங்க பையனுக்கு ஒண்ணுமில்லை, நல்லா இருக்காரு. குச்சிதான் கெட்டுப் போச்சு.”

“ஐயோ சாமி! நாலு மணிக்கு வர்றவங்களுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?”

“வர வேண்டாம்னு சொல்லிருங்கம்மா.”

“என்ன அம்மணி இப்படிச் சொல்றே?”

தாரணி எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு கேட்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது. வாசலில் பூபாலன் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதி வழியில் நிறுத்தியிருந்தான். அக்கா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹெல்மெட் மேஜை மேல் கிடந்தது.

“அம்மா, நாலு வருஷமா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். இவருகிட்டக் கேக்க நினைச்சது. உங்ககிட்டயே கேட்டுடறேன். உங்க பையனை எனக்குக் கட்டித் தர்றீங்களா? ஜாதகம் கொண்டு வர்றேன். படம் கிடையாது. இனிமேல் எடுக்கறதாவும் இல்லை.”